எண்பத்திரண்டு கிலோ வேண்டுதல்

என் நெஞ்சைத் திறந்து ரத்தக்குழாய்களுக்கு மாற்றுப்பாதை போட்ட அன்று நான் சுகமாக மயக்கத்தில் கிடந்தேன். நான் மாட்டிக்கொண்டது உள்ளே இல்லை, வெளியே. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் மனைவி தனக்கோடி பெருமாளிடம் நேரடியாகப் பேச்சுவார்த்தை நடத்திவிட்டாள்.

"இவர உயிரோட குடுத்துடு. எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் வெக்கிறேன்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறது. இவள் என் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்து வைத்திருக்கிறாள். "எண்பத்திரண்டு கிலோ" என்று நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

உயிர் வந்தது. எடை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்தபோது எழுபத்து மூன்று. என் சட்டைக்குள் இன்னொரு ஆளுக்கு வாடகைக்கு இடம் விடலாம் போல இருந்தேன்.

அது 2006-ஆம் வருஷத்துப் பொங்கல் சமயம். புது வெல்லம் வந்து இறங்கும் நேரம். தாம்பரம் மார்க்கெட்டில் வெல்ல மண்டி வைத்திருக்கும் முனீர் பாய் என் பழைய சிநேகிதர். அவரிடம் சொல்லி எண்பத்திரண்டு கிலோ அச்சு வெல்லத்தை நிறுத்து, மூட்டை கட்டி, என் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டாள். என்னையே மூட்டையாகக் கட்டிக் கீழே போட்டு, மேலே இன்னொரு என்னைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. பெருங்களத்தூர் வரை இருக்கிற எறும்புகளெல்லாம் ரேஷன் கார்டை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன.

"அக்கா, கோவிக்கக் கூடாது" என்றார் முனீர் பாய், மூட்டையை இறக்கிவிட்டு. "அண்ணன் இப்ப எழுபத்தி மூணுதானே? எழுபத்தி மூணே வெச்சா இன்னா?"

"நான் எண்பத்திரண்டுன்னு வாய் விட்டேனே பாய்."

"அப்ப எண்பத்திரண்டு வெச்சுடு. யாரு வேணான்னா?"

"எடைக்கு எடைன்னும் சொன்னேனே. தராசு நேரா நிக்கணும். இவரு கம்மியா இருந்தார்னா" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த மீதிய எங்கேர்ந்து எடுத்துப்பாரு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு மூட்டையையே பார்த்தாள். குறைகிற கிலோவுக்குப் பதிலாகப் பெருமாள் என் உயிரில் கை வைப்பார் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். அதோடு என் சிரிப்பு அடங்கிப்போனது.

நாள் குறித்தாகிவிட்டது: புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. அதற்குள் நான் எண்பத்திரண்டு ஆகவேண்டும்.

இதய டாக்டர் அசரியாவுக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. "லோகநாதன் சார், எழுபத்தஞ்ச தாண்டவே கூடாது. தாண்டினா எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆக, ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் பெருமாள், நடுவில் தனக்கோடி. மின்சார ரயில் பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். இரண்டு எஞ்சினை இரண்டு முனையில் மாட்டி எதிரெதிராக இழுத்தால் பெட்டி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவளும் பாவம், என் இதயத்துக்குப் பயந்து எண்ணெய் இல்லாமலே எடையை ஏற்றினாள். வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ராகிக் களி. நான் தின்ற வாழைப்பழத் தோலை வரிசையாகப் போட்டிருந்தால் செங்கல்பட்டு வரை வழுக்கிக்கொண்டே போயிருக்கலாம். தினமும் காலையில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போவாள். அங்கே பிளாட்பாரத்தில், வண்ண விளக்கு சுற்றும் எடை மெஷின். காசு போட்டால் 'டக்' என்று அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். 'உங்கள் விருப்பப்படி எல்லாம் நடக்கும்' என்று வந்த அன்று எனக்குக் காலை டிபனே கிடைக்கவில்லை.

ஏனென்றால் அன்றைக்கு எடை எண்பத்து நாலு! ஆடி மாதத்துக் கூழும், நாவலூரில் அவள் தம்பி வீட்டு விருந்தும் சேர்ந்து செய்த வேலை.

"ரெண்டு கிலோ ஜாஸ்தி" என்று அட்டையை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"ஜாஸ்தியா குடுத்தா பெருமாள் வேணான்னுவாரா?"

"வெல்லம் கம்மியா ஆயிடும்ல? ஆளுக்கு ஏத்த வெல்லம் வெக்கலன்னு ஆயிடாது?"

அன்றிலிருந்து மோர். மோர் என்றால் மோரைத் தூரத்திலிருந்து காட்டிய தண்ணீர். வீட்டில் பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சரி, வெளியே போகலாம் என்று மார்க்கெட்டுக்கு நழுவினேன். பஜ்ஜிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் தட்டை மூடினார்.

"ஐயோ சார், அக்கா சொல்லிட்டாங்க. உங்களுக்குக் குடுத்தா என் வியாபாரம் வெளங்காதாம்."

டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ. பழக்கடையில் வெறும் விசாரிப்பு. மார்க்கெட் முழுக்க எனக்குக் காவல் போட்டிருந்தாள். நேரே முனீர் பாய் மண்டிக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் என்னை எழுப்பித் தன் பெரிய தராசில் நிறுத்திப் பார்த்தார்.

"அண்ணா, என் மண்டில மூட்டைங்ககூட இப்படி ஏறி எறங்காது. ஒரே பேஜாரா கீதே உன்னோட!"

எண்பத்திரண்டைப் பிடிக்க இருந்த சமயத்தில் சிக்குன்குனியா வந்தது. அந்த வருஷம் மேற்குத் தாம்பரமே வளைந்து நடந்தது. எங்கள் தெருவில் நிமிர்ந்து நின்றது லைட்டுக் கம்பம் மட்டும்தான். நான் சுருண்டு எழுந்தபோது எழுபத்திரண்டு. டாக்டர் அசரியா என்னைப் பார்த்து மகிழ்ந்தே போய்விட்டார்.

"பிரமாதம் சார்! இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."

தனக்கோடி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுபடியும் பழம், கிழங்கு, களி. மூட்டு வலியோடு வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, வெல்லத்துக்கு மேலே படுத்திருந்தேன். புரட்டாசி வந்தது. எழுபத்தைந்து, எழுபத்தேழு, எழுபத்தொன்பது. அங்கே முள் நின்றுவிட்டது. நானும் முக்கிப் பார்த்தேன், நகரவில்லை. சனிக்கிழமை விடிந்துவிட்டது.

கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கோயில். முனீர் பாய் ரம்ஜான் நோன்பு. தொண்டை வறண்டு கிடந்தாலும் தன் வண்டியில் வெல்லத்தை ஏற்றிவந்து மண்டபத்து வாசலில் இறக்கிக் கொடுத்தார். "அண்ணா, மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சுக்கோ. கொஞ்சம் கனமாத் தெரியும்" என்று காதில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஒரு தட்டில் வெல்லம். இன்னொரு தட்டில் என்னை ஏற்றி, சங்கிலிகளுக்கு நடுவே சப்பணம் போட வைத்தார்கள். வெல்லத் தட்டு தரையை விட்டு அசையவில்லை. நான் மேலே தொங்கினேன். கீழே இறங்கவும் முடியாது, வேட்டியைச் சரிசெய்யவும் முடியாது. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். பயனில்லை.

"இன்னும் ரெண்டு இட்லி துன்னுட்டு வந்திருக்கலாம் பெருசு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பட்டாச்சாரியார் நல்லவர். "அதனாலென்னம்மா, வெல்லத்துல கொஞ்சம் எடுத்துட்டா சரியாப்போச்சு" என்று கையை நீட்டினார்.

"எடுக்காதீங்க சாமி!" தனக்கோடி போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. "எண்பத்திரண்டுன்னு சொன்னது சொன்னதுதான்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அதே ஆபரேஷன் தியேட்டர் வாசல் முகமாக இருந்திருக்கும். அன்று நான் பார்க்காததை அந்தத் தட்டில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். கும்பிடக் கையைத் தூக்கினாள். தோளில் மாட்டியிருந்த பை சரிந்து முழங்கைக்கு வந்தது. மேலே ஏற்றினாள், மறுபடி சரிந்தது.

"அந்தப் பைய இப்படிக் குடு. நீ கும்புடு" என்றேன்.

சத்தியமாக அப்போது எனக்கு வேறு யோசனை எதுவும் இல்லை. இருந்தது என்று சொன்னால் பெருமையாக இருக்கும். அதனால் இருந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பை என் மடிக்கு வந்தது. தட்டு மெல்ல இறங்கியது. எதிர்த்தட்டு தரையை விட்டுக் கிளம்பியது. இரண்டும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, நேராக நின்றன. மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்தது. பணிமனையில் இருபத்தையாயிரம் வோல்ட் கம்பிக்கு அடியில்கூட நான் அப்படி ஆடாமல் இருந்ததில்லை.

"அது உங்க எடையில்லையே" என்றாள் அவள், குழப்பமாக.

"தொறந்து பாரு. என் மாத்திரை டப்பா. என் ரிப்போர்ட்டு ஃபைலு. என் வெந்நீர் பாட்டிலு, என் டிபன், என் குல்லா, என் கொடை. இதுல உன்னுது இன்னா கீது, சொல்லு?"

பையின் வாயை விலக்கிப் பார்த்தாள். அவளுடையதாக ஒரு சீப்புகூட அதில் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நான் தெருமுனை வரை போனாலும் அந்தப் பை அவள் தோளில் வந்திருக்கிறது.

பட்டாச்சாரியார் இரண்டு தட்டுகளையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவர் சொமக்கறதெல்லாம் அவர் எடைதாம்மா. தராசு நேரா இருக்கு" என்று கற்பூரத்தை ஏற்றினார். தனக்கோடி கண்ணை மூடிக் கும்பிட்டாள். வாசலில் முனீர் பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வெயிலாக இருக்கும்.

திரும்பும்போது பையை நான் தரவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வருவதற்குள் என் தோள் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. கூட்ஸ் வண்டியே அந்தப் பையைக் கண்டால் பெருமூச்சு விடும். தாம்பரத்தில் இறங்கியதும், பழகிய கால், தானாக எடை மெஷின் முன்னால் நின்றது.

"இன்னாத்துக்கு நிக்கிறீங்க? வாங்க வூட்டுக்கு. நாளையிலேர்ந்து டாக்டர் சொன்ன எழுபத்தஞ்சு."

"தனம், பெருமாள்கிட்ட எதுவும் சொல்லலியே?"

அவள் படி ஏறினாள். பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"சொன்னேன். எழுபத்தஞ்சுல நின்னீங்கன்னா வெண்ணெய் சாத்தறேன்னு."

"எத்தன கிலோ?"

"நம்பர் சொல்லல" என்றாள். அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.