கம்பம் சாயவில்லை

கம்பம் சாய்ந்திருந்தால் நாளைக்குக் கல்யாணம். நேராக நின்றால் வெள்ளம்.

பனிவண்டியில் ஹல்வரின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு ஸ்வாலா இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாத்னயோகுல் பனிமலைக்கு அடியில் ஓர் எரிமலை. அதன் சூட்டில் உருகிய தண்ணீர், பனிமூடிக்குக் கீழே ஏரியாகத் தேங்கியிருந்தது. மூடியின் மேல் அவள் நட்ட கம்பத்திலிருந்த ஜி.பி.எஸ். கருவி, பனி இறங்குவதாகக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஏரி உடைந்து ஆற்றுக்கு வடிகிறதா, இல்லை வெயிலில் கம்பம்தான் சாய்ந்துவிட்டதா? போன கோடையில் சாய்ந்த கம்பத்தை நம்பி அவள் ஊரையே கிளப்பிவிட்டாள். ஆடுகளை மேட்டுக்கு ஓட்டியவர்களின் கேலி இன்னும் ஓயவில்லை.

வெள்ளம் வந்தால் பாலத்தை மூட வேண்டும். பாலத்துக்கு மேற்கே அவள். கிழக்கே மாப்பிள்ளை ஒர்மார், தேவாலயம், பாதிரியார்.

"சாய்ஞ்சிருக்குன்னு சொல்லிடும்மா!" மாப்பிள்ளையின் அப்பா ஹல்வர் காற்றை மீறிக் கத்தினார். "ஆட்டுத்தொடையெல்லாம் புகை போட்டு வச்சாச்சு!"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க ஹல்வர்!"

"ரோடா? எங்க இருக்கு?"

கம்பத்தருகே இறங்கியதும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. சுற்றிலும் புதிய விரிசல்கள், நீலமாய், வளையம் வளையமாய். காலடியில் எங்கோ ஆழத்தில் 'மடக்' என்றது. அவள் நெஞ்சு துள்ளியது.

"நேரா நிக்குது! மொத்த மூடியும் இறங்குது ஹல்வர்!"

"அழுவேன்னு பார்த்தா குதிக்கிறியே!"

"இதுக்குத்தானே கம்பம் நட்டேன்!"

ஆனால் வயர்லெஸ்ஸை எடுத்தபோது விரல் தயங்கியது. மேசைமேல் மடித்து வைத்திருந்த கல்யாண உடை கண்ணுக்குள் வந்து போனது. பொத்தானை அழுத்திப் பாலத்துக் காவலரிடம் சொன்னாள்.

"பாலத்தை மூடுங்க. நானே பார்த்துட்டேன்."

சற்று நேரத்தில் ஒர்மார் அழைத்தான்.

"என் கல்யாணத்துக்குக் குறுக்க பாலத்தை மூடினது யாரு?"

"நான்தான்."



"ரசமட்டம் வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சரி. ஆடுகளை மேட்டுக்கு ஏத்திடறேன்."

வேறு எதுவும் கேட்கவில்லை அவன்.

"கோவமா?"

"பின்ன? கேக் உன் பக்கம்ல இருக்கு!"

மறுநாள் ஆறு கறுத்துப் பொங்கி வந்தது. வீட்டளவு பனிக்கட்டிகள் உருண்டு பாலத்தின் கால்களில் மோதின. பாலத்தில் ஓர் உயிர் இல்லை. வெள்ளத்தை அளக்க வந்த ஹெலிகாப்டரில் ஸ்வாலா ஏறினாள். இரண்டு கரையிலும் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தாக வேண்டும். பக்கத்தில் ஹல்வர், மடியில் கேக்குடன்.

கிழக்குக் கரையில், கம்பளிச் சட்டை போட்ட விருந்தாளிகளுக்கு நடுவே ஒர்மார் ஓடிவந்தான்.

"உன்மேல அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுடி!"

"எரிமலை வாசனை. போகப் போகப் பழகிடும்."

விமானி பொறுமையிழந்து எட்டிப் பார்த்தான். "தண்ணி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

நிரப்பிய பாட்டிலை அவன் கையில் திணித்துவிட்டு, ஸ்வாலா தேவாலயத்தைக் காட்டினாள்.

"எடுத்தாச்சு. மோதிரம் மாத்தற நேரம் மட்டும் குடு. நீயும் வா, கேக் இருக்கு."