மச்சானின் அட்டை

தள்ளுபடி நாள். துணிக்கடை திறந்த கையோடு வாசலில் கூட்டம் முண்டியடித்தது. காவலாளி தன் நெஞ்சில் குத்தியிருந்த உரிம அட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தது அவருடைய மச்சான்.

இருவருக்கும் ஒரே மாதிரி மீசை. அந்த மீசையை நம்பித்தான் வண்டி ஓடியது. முதுகுவலியால் காவலாளி வேலையை விட்ட மச்சான், "இந்த உரிமத்துக்காக நாலு நாள் பயிற்சியில உக்காந்து என்னத்தைக் கிழிக்கப் போறீங்க மாமா? வாசல்ல நிக்கத் தெரியாதா?" என்று அட்டையை நீட்டினார். மனைவிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் அதைச் சட்டையில் குத்திவிட்டது அவள்தான்.

"அண்ணே, பிள்ளைக்கு மூச்சு வரல!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த ஒரு தாய், கைக்குழந்தையை அவர் கையில் திணித்தாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிமிர்த்துவதா, கவிழ்ப்பதா? பெற்ற தகப்பன் போல் தவித்தாரே தவிர, ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த கதவில் நின்ற பெண் காவலாளி ஓடிவந்து குழந்தையை வாங்கினாள். முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்களுக்கு நடுவே தட்டினாள். நாலாவது தட்டில் ஒரு பிஸ்கட் துண்டு தரையில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. அப்பாடா! அவர் கண் கலங்கிவிட்டார்.

தாய் அவர் கையையும் பிடித்துக்கொண்டாள். "அட்டையைப் பாத்துதாண்ணே உங்ககிட்ட குடுத்தேன்."

அவள் போனதும் பெண் காவலாளி மெதுவாகக் கேட்டாள்: "பயிற்சியில ரெண்டாம் நாளே இதைச் சொல்லிக் குடுத்தாங்களே, மறந்துட்டீங்களா?"

"மறக்கல தங்கச்சி. நான் போகவே இல்ல."

அவரே மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னார். வேலை போனது. வீட்டுக்கு வந்து அட்டையை மச்சான் கையில் வைத்தார்.

"நீங்களா வாயைத் திறக்கலேன்னா யாருக்கு மாமா தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரியாதுதான். ஆனா அந்தப் பிள்ளையோட கனம் இன்னும் என் கையில இருக்கு, மாப்ள. அட்டையை இரவல் வாங்கலாம். ஒரு உசுரைக் காப்பாத்தக் கத்துக்கிட்டதை இரவல் வாங்க முடியாது. வர்ற திங்கக்கிழமை நான் பயிற்சிக்குப் போறேன்."

மனைவி நூல்கண்டை எடுத்தாள். சட்டையில் ஊசி குத்திக் குத்தி விழுந்த ஓட்டையைத் தைக்க உட்கார்ந்தாள்.

"நல்லாத் தைச்சு வை," என்றார் அவர். "அடுத்து அங்க குத்தப் போறது என் முகம்."