சனியின் உப்பளத்தில் பதினோரு நிமிடம்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. செவ்வாயும் வியாழனும் மாலையில் நான் நகராட்சி நூலகத்து எழுத்து வகுப்புக்குப் போவதை முதல் மாடி திராசோஸ் எப்படியோ தெரிந்துகொண்டார். படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"எழுதப் படிக்கிறியாமே, பொண்ணு. ஒரு இசைத்தட்டு உறையில போட நாலு வார்த்த எழுதித் தா. பெரிய வேல இல்ல."

இசைத்தட்டின் பெயர் ‘சனியின் உப்பளம்’. வடக்கு கிரேக்கத்தில், எங்கள் தெசலோனிக்கியில், 1974இல், மூன்று பேர் சேர்ந்து பதிந்தது. ஆர்கனும் கிட்டாரும் எதிரொலிக் கருவிக்குள் புகுந்து விண்வெளியில் திசை தெரியாமல் மிதக்கிற மாதிரியான ராக் இசை. முந்நூறு பிரதிகள் அச்சிட்டார்கள், வாங்க ஆளில்லை. இன்று ஜப்பானில் ஒருவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஏதென்ஸில் ஒரு சிறு நிறுவனம் மறுபதிப்பு போடுகிறது. உறை வாசகம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறது.

என் நாட்குறிப்பில் அன்று எழுதியது: "மார்ச் 4. எளிதான வேலை." [இதை அடிக்கவில்லை. என் கணிப்பின் தரம் உங்களுக்கும் தெரியட்டும்.]

2.

தொடக்கம், முதல் வரைவு: "எழுபத்து நான்கின் கோடையில் மூன்று இளைஞர்கள் வானத்தை

நிறுத்திவிட்டேன். வானத்தை என்ன செய்தார்கள்? பதிவறை ஒரு செருப்புக் கிடங்கின் நிலவறையில் இருந்தது. அங்கே ஜன்னலே கிடையாது.

இரண்டாம் வரைவு: "தட்டின் பின்பக்கத்தில் பதினோரு நிமிடம் நீளும் அந்தப் புகழ்பெற்ற கிட்டார், திராசோஸின்

இதை நிறுத்தியது நானல்ல. அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத அடிச்சிடு."

"எத?"

"என் பேர."

3.

அவர் சொன்னதை ஒரு கதைபோல எழுதிப் பார்க்கிறேன்.

ஜூலை இருபது, சனிக்கிழமை. வானொலியில் காலையிலிருந்து அணிவகுப்பு இசை. சைப்ரஸில் சண்டை, நாடெங்கும் படைதிரட்டல் என்றார்கள். கட்டாய ராணுவச் சேவையை முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத திராசோஸுக்கு மறுபடி சீருடை. கிட்டாரைப் பதிவறைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். மறுநாள் துருக்கியை ஒட்டிய எவ்ரோஸ் எல்லைக்கு ஓடும் லாரியில், யாருடைய மூட்டைமீதோ உட்கார்ந்திருந்தான்.

ஆர்கன்காரனுக்கும் டிரம்ஸ்காரனுக்கும் பத்தொன்பது வயது. இன்னும் சேவைக்கே போகாதவர்கள், அதனால் அழைப்பு இல்லை. பதிவறை அந்த வாரம் மட்டும்தான் அவர்கள் கையில். பதிய மிச்சமிருந்தது கிட்டார் மட்டும். உறையோ முன்பே அச்சாகி, கட்டுக்கட்டாகக் காத்திருந்தது: ‘கிட்டார்: திராசோஸ்’.

அதே தெரு மதுவிடுதியில் யோர்தானிஸ் புசூக்கி வாசித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கும் குடிகாரன் அழுகைக்கும் ஒன்றுபோல ஒத்துழைக்கிற கம்பி வாத்தியம் அது. அவருக்கு நாற்பது வயது, ஒரு காலை விந்தி நடப்பவர், ராணுவம் அவரைத் தேடவில்லை. பையன்கள் போய்க் கூட்டிவந்தார்கள். திராசோஸின் கிட்டாரை எடுத்தார், கண்ணை மூடினார், பதினோரு நிமிடம் நிறுத்தாமல் வாசித்தார். பிறகு, விடுதியில் தேடுவார்கள் என்று கிளம்பிப் போய்விட்டார்.

செப்டம்பரில் திரும்பி வந்த திராசோஸ் அதைக் கேட்டான். "உன் பேரு அச்சாயிடுச்சு, என்ன செய்யறது" என்றான் ஆர்கன்காரன். "எவன்டா இத வாங்கப் போறான்" என்றான் மற்றவன். எவனும் வாங்கவில்லை. பொய்க்கு அதுவே வசதியாயிற்று. பதினைந்து வருடம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: உங்கள் விரல்களை வணங்குகிறேன். திராசோஸ் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் ‘நன்றி’ என்று பதில் போட்டார்.

(அடிக்குறிப்பாக வைத்திருந்தேன், மேலே கொண்டுவந்துவிட்டேன்: யாராவது வாசிக்கச் சொல்லிவிட்டால் என்ற பயத்தில், மூன்று குளிர்காலம் உட்கார்ந்து அந்தப் பதினோரு நிமிடத்தையும் கற்றுக்கொண்டார். ஏழாவது நிமிடத்தில் நான்கு விநாடி மட்டும் படியவில்லை. அது புசூக்கிக்காரரின் மணிக்கட்டு நடுக்கம். கேட்டவர்களிடம், ஒலிநாடாவில் செய்த வித்தை என்றார். ஓர் இசை இதழ் அந்த வித்தையை விளக்கி மூன்று பக்கம் எழுதியது.)

4.

இங்கே பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். ஐம்பது வருடம் பொத்தி வைத்தவர் இப்போது ஏன் சொல்ல வேண்டும்? ஒரு வரைவில் அவருக்கு நோய் கொடுத்தேன், நோய் வந்தால் பாத்திரங்கள் உண்மை பேசிவிடும். ஆனால் அவருக்கு ரத்த அழுத்தம்கூடக் கிடையாது. வெட்கமாகப் போய், அவரையே கேட்டேன்.

"இதுவர மத்தவங்க எழுதினாங்க, நான் மறுக்கல. அவ்வளவுதான். இப்ப நீ பேனாவ வெச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துக் கேக்கற. என் வாயால சொல்லணும். அது வேற."

"தெரிஞ்சவங்க யாராவது?"

"கூட வாசிச்ச பசங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்க. யோர்தானிஸ் போயி ஒம்பது வருஷம். அவரு பொண்ணு மட்டும் இருக்கா, கலியோப்பி. நம்ம சலவைக்கடைக்காரிதான்."

அந்தப் பதினோரு நிமிடத்தை எடுத்துவிட்டால் திராசோஸிடம் மிஞ்சுவது, வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்த முப்பது வருடம். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

5.

கடைக்கு நானும் போனேன்.

"அண்ணே, சீட்டு எங்க?" என்றாள் கலியோப்பி. "போன ஈஸ்டருக்குக் குடுத்த கால்சட்ட இன்னும் தொங்குது. அதுக்கு ஒரு பொண்ணு பாத்துக் கட்டி வெச்சிடலாம்னு இருக்கேன்."

"அதுக்கு வரல. உங்கப்பாவப் பத்தி."

"கடவுள் அவர மன்னிக்கட்டும்" என்று சிலுவை இட்டுக்கொண்டாள். "இப்ப என்ன பண்ணினாரு?"

திராசோஸ் கைபேசியை இஸ்திரி மேசைமேல் வைத்து ஏழாவது நிமிடத்தை ஓட்டினார். அவள் காலரைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இது அப்பா கை."

திராசோஸ் கைபேசியை நிறுத்தினார்.

"இந்தப் பேய்ச் சத்தத்துக்குள்ள எப்படிப் போயி மாட்டினாரு மனுஷன்?" சிரித்தபடி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "ஆயுசு பூரா அடுத்தவன் பாட்டுக்குப் பின்னால வாசிச்சாரு அண்ணே. ஒரு உறையிலயும் பேரு வந்ததில்ல." திடீரென்று அவள் முகம் தெளிந்தது. "அப்ப உங்க தட்டுல ரெண்டு பேரும் சேந்து வாசிச்சீங்களா? படிச்ச பசங்க விடுதியில வாசிக்கறவன மதிக்க மாட்டாங்கம்பாரு அப்பா. நீங்க பக்கத்துல உக்கார வெச்சு வாசிச்சிருக்கீங்க."

திராசோஸ் வாயைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உறையில உங்கப்பா பேரு வரும், கலியோப்பி" என்றார்.

நாங்கள் கதவைச் சாத்துவதற்குள் அவள் மகனைத் தொலைபேசியில் பிடித்துவிட்டாள். "டேய், உங்க தாத்தாவும் திராசோஸ் மாமாவும் ஜோடியா..."

6.

படிக்கட்டில் திராசோஸ் என் தாளை வாங்கி, சம்மதமென்று அடியில் கையெழுத்துப் போட்டார். ‘கிட்டார்:’ என்பதற்கு எதிரே வெற்றிடம்.

"நீ நிரப்பு."

"நீங்க சொல்லுங்க, எழுதறேன்."

"சொல்ல முடிஞ்சிருந்தா கடையிலயே சொல்லியிருப்பேன்."

முடிவு அ: யோர்தானிஸ். இது உண்மை. ஆனால் அப்பாவை யாரும் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை, ஆளில்லாத இடத்துக்கு அழைத்தார்கள், பிறகு அவர் கையை ஐம்பது வருடம் இன்னொருவர் அணிந்துகொண்டிருந்தார் என்று கலியோப்பிக்குத் தெரியவரும்.

முடிவு ஆ: யோர்தானிஸ், திராசோஸ். எல்லோரும் நிம்மதியாக வீடு போவார்கள். வகுப்பில் எனக்குக் கைதட்டல்கூடக் கிடைக்கலாம். ஆனால் ஐந்தரை நிமிடம் மறுபடி திருடு போகும், இம்முறை என் கையால்.

முடிவு இ: வெற்றிடமாகவே விடுவது. அச்சகத்தில் கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். [இதைக் கேட்டதற்காக என்மேல் எனக்குக் கோபம்.]

வியாழன் மாலை, வகுப்புக்குக் கிளம்பும்போது கலியோப்பி அழைத்தாள். "பொண்ணு, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒருவாட்டி வாசிச்சுக் காட்டறியா?" சரி என்றேன். வகுப்புக்குப் போகவில்லை. உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்பினேன்.

என்ன எழுதினேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை. நாளை ஒன்பது மணிக்கு அவள் கடை திறப்பாள், திராசோஸும் வருகிறேன் என்றிருக்கிறார். வாசகரே, தாளை உங்கள் கையில் தருகிறேன். நான் எழுதியது எதுவானாலும், உங்களுக்கு எந்தப் பெயர் சரியென்று படுகிறதோ அதையே வாசியுங்கள். ஆனால் சத்தமாக, அவள் முகத்தைப் பார்த்தபடி, அவர் காதில் விழுமாறு.