இரண்டு பங்கு பிரண்டை

மாட்டுத் தரகர் தத்தூ காடகேயின் வலது உள்ளங்கை, சாங்கிலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணா நதிக்கரை ஊரொன்றில், சுலோச்சனா மகதூமின் பசு சந்திரியின் முதுகில் ஒட்டிக்கொண்டது ஒரு புதன்கிழமை காலை, பால் வண்டி வந்துபோன பிறகு. எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், சோப்பு போட்டார்கள். டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்குத் தத்தூ ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் முள்ளங்கியால் வந்தது. சந்திரிக்குக் கர்ப்பப்பையில் சீழ். மருந்து கொடுத்தால் அடங்கும், மறுபடி வரும். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. விற்றுவிடலாம் என்றான் கணவன் பூபால். புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மாடு. சுலோச்சனா விடவில்லை. கால்நடை டாக்டர் சொன்ன பச்சிலை வைத்தியத்தைத் தொடங்கினாள். முதலில் சில நாள் முள்ளங்கி, பிறகு கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கடைசியில் கறிவேப்பிலையும் மஞ்சளும். ஆனால் அது மண்ணுக்கடியில் விளைந்ததைத் தொடாத ஜைன வீடு. காய்ந்த மஞ்சளுக்கு மட்டும் விலக்கு உண்டு, மஞ்சள் சந்தைக்குப் பேர்போன சாங்கிலியில் அதையும் விட்டால் எப்படிப் பிழைப்பது. மாட்டின் வாய்க்கும் அதே ஆசாரம்தான் என்று, முள்ளங்கிக்குப் பதிலாகவும் பிரண்டையையே கொடுத்தாள். முறிந்த எலும்பை ஒட்டவைக்கும் பிரண்டை, இரண்டு பங்கு உள்ளே போனதும் கிடைத்ததையெல்லாம் ஒட்டவைத்தது. முதலில் ஒரு காக்கை, அப்புறம் விலை பேச வந்து முதுகைத் தட்டிப் பார்த்த தத்தூ.

தரகர்கள் மாட்டு விலையைத் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள், வலது கையால்.

"இடது கையைக் குடுய்யா, முடிச்சிரலாம்" என்றான் பூபால்.

"கழுவுற கையால பேரம் பேசுனா சந்தையில எவன்யா என்னை மதிப்பான்?"

"அப்ப இங்கயே நில்லுங்கண்ணே" என்றாள் சுலோச்சனா. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தத்தூ நின்றார். மாடு படுத்தால் படுத்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வீடு என்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம்.

"ஏந்தாயி, ஒரு வெங்காயத்தையாவது கண்ணுல காட்டக்கூடாதா?"

சீழ் நின்றது. அடுத்த பருவத்தில் போட்ட ஊசியும் ஒட்டிக்கொண்டது. ஒன்பது மாதமும் சொச்ச நாளும் கழித்துக் கன்று தரையில் விழுந்த நிமிடம் தத்தூவின் கை விடுபட்டது, காக்கை பறந்தது. பூபால் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்து நீட்டினான். சுலோச்சனா அதைப் பிடுங்கிக் கன்றைத் துடைத்தாள்.

தத்தூ படல்வரை போனார். சந்திரி கத்தியது. திரும்பி வந்து கையைப் பழைய இடத்திலேயே வைத்தார். இந்த முறை ஒட்டவில்லை. சுலோச்சனா அதைப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் அவருக்கும் சேர்த்துச் சோள ரொட்டி தட்ட உள்ளே போனாள்.