பன்னிரண்டாவது ஆள்

வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி கேட்டு பெலிக்ஸ் மூன்றாவது கடைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். பெரிய வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. யார் எடுப்பார்கள்? கூடத்துக் கட்டிலில் அவன் அப்பா மதலைமுத்து கிடந்தார். ஐந்தரைக்கு மருமகள் சந்தனமேரி வரக்காப்பியோடு போய் எழுப்பியிருக்கிறாள்; எழுந்திருக்கவில்லை. எழுபத்து நாலு வயது, இருபது வருசத்துச் சர்க்கரை, போன ஐப்பசியில் ஒரு நெஞ்சுவலி. ஊரில் யாருக்கும் இது திடுக்கிடும் செய்தியில்லை. ஆனாலும் அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது.

"இப்ப சாக்ஸ் எதுக்குங்க?" என்றாள் சந்தனமேரி, மூக்கை முந்தானையில் துடைத்தபடி.

"ஊரே வரும்ல. காலை மூடணும்."

அவள் பீரோவைத் திறந்து, மகளுடைய ஸ்கூல் யூனிஃபார்முக்கு வாங்கி, அளவு பெரிதென்று பிரிக்காமல் போட்டுவைத்திருந்த பாக்கெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மதலைமுத்துவின் வலது காலில் பெருவிரல் இல்லை. இரண்டு வருசத்துக்கு முன் திருச்சியில் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் ஆறியது; உள்ளங்காலில் வந்த புண் ஆறவில்லை. அது பாட்டுக்கு நீர் கோத்துக்கொண்டு, கணுக்கால் வரை கறுத்து, கிட்டே போனால் ஒரு வாடையும் அடிக்கும். முதலில் அவரே கொல்லையில் துவைகல்லில் உட்கார்ந்து கட்டுப் போட்டுக்கொண்டார். குனிய முடியாமல் போனதும், "மருமககிட்ட போயி காலைக் குடுக்கச் சொல்றியா?" என்று இரண்டு நாள் அடம் பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் சந்தனமேரியிடம் நீட்டினார். நீட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த அரை மணி நேரமும் பெலிக்ஸுக்கு எங்காவது வெளிவேலை வந்துவிடும். பெற்ற மகன் ஒரு நாளும் அந்தக் காலைத் தொட்டதில்லை.

இத்தனைக்கும் மற்றவர்கள் தொடத் தயங்கியதைத் தொட்டே பேர் வாங்கிய மனிதர் மதலைமுத்து. ஊரில் ஆம்பளை யார் செத்தாலும் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்லுக்குழித் தண்ணீரில் மூணு நாள் கிடந்து எடுத்த உடம்பு, லாரியில் அடிபட்ட உடம்பு, கொரோனாவில் சொந்தப் பிள்ளைகளே வாசலோடு நின்றுகொண்ட உடம்பு, எல்லாம் அவர் கை பட்டுத்தான் பெட்டிக்குள் போயின. கூட நின்று தண்ணீர் ஊற்றுவது அவருடைய கூட்டாளி இன்னாசி. இன்றைக்கு இன்னாசி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தவர்தான், அசையவில்லை.

"எல்லாரையும் குளிப்பாட்டுன மனுசன். இவரை யாருப்பா குளிப்பாட்டுறது?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். பத்துப் பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

பெலிக்ஸ் அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டான். கீரனூரிலிருந்து பெட்டி கொண்டுவருகிறவர் கூடவே இரண்டு ஆட்களைக் கூட்டிவருவார். அவர்களே கையுறை போட்டுக் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, எல்லாம் முடித்துவிடுவார்கள். "கால் கட்டைப் பிரிக்கவே வேணாம் சார். மேலயே பாலிதீனைச் சுத்தி சாக்ஸைப் போட்டுடலாம். வெளிய ஒண்ணும் தெரியாது" என்று போனிலேயே சொல்லியிருந்தார். ஒண்ணும் தெரியாது என்றது பெலிக்ஸுக்கு ஆறுதலாக இருந்தது. அது ஏன் இவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று யோசிக்காமல் இருக்கத்தான் அவன் காலையிலிருந்து போனும் கையுமாக அலைந்துகொண்டிருந்தான்.

எல்லாம் ஐந்து நாளுக்கு முன், குருத்து ஞாயிறன்று ஆரம்பித்தது. பூசை முடிவில், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரின் பெயரைப் பங்குச் சாமியார் சந்தோஷ் வாசித்தார். இந்த ஊருக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகாத இளவயசுச் சாமியார். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டு, சாமியார் மண்டியிட்டு ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைப்பார். அதில் உட்காருவது ஊரில் ஒரு கௌரவம். கௌரவம் என்பதால், உட்காரப்போகிறவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே நகம் வெட்டி, குதிகாலைத் தேய்தேய் என்று தேய்த்து, எண்ணெய் தடவி, பளபளவென்று வந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகு சாமியார் எதைக் கழுவுகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டாவது பெயர் மதலைமுத்து.

பெலிக்ஸுக்குப் பகீரென்றது. அவன் கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார், இங்கே பங்குப் பேரவைச் செயலாளர். பூசையை யூடியூபில் லைவ் போடவைத்ததே அவன்தான். சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கிற ஊர்க்காரர்கள், சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை ஜெசிந்தா, அவள் மாமியார் வீட்டார் எல்லாரும் பார்ப்பார்கள். அதற்கு முந்தின வாரம்தான் வீடியோக்காரன் நிலவழகனிடம், "பாதம் கழுவுறப்ப ஒவ்வொரு காலா குளோசப்ல காட்டணும் தம்பி" என்று சொல்லிவைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை சாமியாரைப் போய்ப் பார்த்தான். "அப்பாவால அவ்வளவு நேரம் உக்கார முடியாது ஃபாதர். வேற யாரையாவது போட்டுக்கங்க." சாமியார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி சார்" என்றார். அப்பா பேருக்குப் பதிலாக ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் பேர் ஏறியது.

வீட்டில் சொல்ல நாக்கு எழவில்லை. புதன்கிழமையும் போய்விட்டது. வியாழன் மத்தியானம் மதலைமுத்து சலவை வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், இனித் தள்ளிப்போட முடியாது என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"லிஸ்டை மாத்திட்டாங்களாம்ப்பா. தெரு வாரியா போடணும்னு பேச்சு வந்துச்சாம்."

"அப்படியா? நல்லதுதான்" என்றார் மதலைமுத்து. "ஒனக்கு வாசகம் இருக்குல்ல, நீ முன்னாடி போ. நான் இன்னாசி வண்டியில வந்து பின்னாடி உக்காந்துக்குறேன்."

தப்பித்தோம் என்றுதான் பெலிக்ஸ் நினைத்தான். முதல் வாசகத்தைப் பிசிறில்லாமல் வாசித்தான். பாதம் கழுவும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கடைசியில், வாசல் ஓரமாக, பிளாஸ்டிக் சேரில் அப்பா உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட காலை நல்ல காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு பெலிக்ஸ் திரும்பவில்லை.

இப்போது ஒன்பது மணிக்குச் சாமியார் டூவீலரில் வந்து இறங்கினார். பெரிய வெள்ளி, சனி இரண்டு நாளும் அடக்கப் பூசை கிடையாது, மணியும் அடிக்கக் கூடாது. செபம் சொல்லி எடுக்க வேண்டியதுதான். பதினொன்றரைக்கு எடுத்தால் மூன்று மணி வழிபாட்டுக்குத் தோதாக இருக்கும் என்றார். "துக்க மணிகூட இல்லாமப் போறாரே மாமா!" என்று ஒரு பெண் குரலெடுத்தாள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பிறகு கால்மாட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, பெலிக்ஸைக் கைகாட்டி மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார்.

"சார், அப்பா புதன்கிழமை என்னைப் பாக்க வந்தாரு. தெரியுமா?"

"இல்லையே ஃபாதர். எதுக்கு?"

"பேரு மாறுனதை நம்ம கோயில் உபதேசியார் சொல்லியிருப்பார் போல. 'சாமி, எம் மகனைத் தப்பா நெனச்சுக்காதீங்க, நாந்தான் அவனை அனுப்பிச்சேன்'னாரு."

பெலிக்ஸின் போன் அடித்தது; எடுக்காமல் அணைத்தான்.

"நீங்க அனுப்பலைன்னு எனக்குத் தெரியும்னேன். சிரிச்சுட்டாரு. 'நாலு பேரு முன்னாடி நிக்கிறவன் சாமி, அவனுக்குக் கூச்சமா இருக்கும்ல. எனக்கே காலை நீட்டக் கூச்சந்தான். மருமக புண்ணியத்துல பழகிக்கிட்டேன். இதையும் ஆண்டவரோட பாடுகளோட சேத்து ஒப்புக்கொடுத்துடுறேன், விடுங்க'ன்னாரு."

"அவரு கால் அப்படி இருக்குன்னு ஒங்களுக்கு..."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் எழுதுனேன். மத்த பதினோரு பேரும் எனக்குக் கழுவ ஒண்ணும் வைக்கிறதில்லையே."

சாமியார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிரசங்கம் செய்யவில்லை. செய்திருந்தால் பெலிக்ஸுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். வந்ததெல்லாம் வெட்கம். வியாழன் மத்தியானம் தெரு வாரி, அது இதுவென்று அவன் அளந்தபோதே அப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் நல்லதுதான் என்றார். தெரிந்துதான் அவனை முன்னாடி போகச் சொன்னார். காது மடலெல்லாம் சுட்டது அவனுக்கு.

பெட்டி வந்து இறங்கியது. கூட வந்த இருவரும் பையிலிருந்து கையுறையை எடுத்தார்கள்.

"பெட்டியை மட்டும் வச்சுட்டுப் போங்க" என்றான் பெலிக்ஸ். "குளிப்பாட்டுறதை நாங்க பாத்துக்குறோம்."

கட்டில் ஓரத்திலிருந்து இன்னாசி தலையைத் தூக்கினார். "நாங்கன்னா யாரு வாத்தியாரே?"

"நாந்தான் சித்தப்பா. நீங்க தண்ணி ஊத்துங்க."

இன்னாசி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்துகொண்டார்.

கொல்லையில் பெஞ்சைப் போட்டு, நாலு பேர் சுற்றி வேட்டியை மறைப்பாகப் பிடித்தார்கள். பெலிக்ஸ் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். சோப்பை எடுத்துக்கொண்டு எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அப்பாவின் முகத்தருகே நின்றான்.

"அங்கிட்டு இல்லடா. இங்கிட்டு வா" என்றார் இன்னாசி. "மொகத்துலேர்ந்து ஆரம்பிச்சா பயம் வந்துரும்பாரு ஒங்கப்பா. எப்பவும் காலுலேர்ந்துதான்."

கட்டைப் பிரித்தான். முந்தின நாள் சந்தனமேரி போட்ட கட்டு, நறுவிசாகப் போட்டிருந்தாள். கடைசிச் சுற்றுத் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. வாடை வந்தது. அவன் எழுந்துபோய் வேலியோரம் துப்பிவிட்டு வந்தான். மறைப்புப் பிடித்தவர்கள் பார்க்காத மாதிரி நின்றார்கள். இன்னாசி துணி ஊறட்டும் என்று மெதுவாகத் தண்ணீரை விட்டார்.

"பேசிக்கிட்டே செய்யி. அவரு அப்படித்தான் செய்வாரு. சின்னப் பயலா இருந்தாலும் 'கொஞ்சம் திரும்பிக்கங்க'ம்பாரு."

"காலைத் தூக்குறேன்ப்பா" என்றான் பெலிக்ஸ். பெருவிரல் இருந்த பள்ளத்தில், உள்ளங்காலில், புண்ணின் ஓரங்களில் விரலால் சோப்பைத் தடவிக் கழுவினான். நினைத்த அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு கால், அவ்வளவுதான். பிறகு இடது காலைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே இருந்துவிட்டான்.

குதிகாலில் ஒரு வெடிப்பு இல்லை. ஆயுசுக்கும் வயலில் கிடந்த கால், குழந்தையுடையது போல வழுவழுவென்று இருந்தது. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். வலது காலைத் திரும்ப எடுத்துப் பார்த்தான். அதிலும் மிச்சமிருந்த நாலு நகமும் வெட்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட பீர்க்கங்கூடு கேட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாரு" என்றார் இன்னாசி, செம்பைப் பார்த்துக்கொண்டே. "குனிய முடியாத மனுசன், எங்க திண்ணையில காலைத் தூக்கி வச்சு ரெண்டு நாளா ஒக்காந்து ஒக்காந்து தேச்சாரு. தேங்காண்ணெய் வேற."

பெலிக்ஸ் அப்போதுதான் அழுதான். அழுதுகொண்டே கழுவினான். இன்னாசி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

உடுப்பு மாட்டிக் கூடத்துக் கட்டிலில் கிடத்தியதும் சந்தனமேரி வந்தாள். தினமும் போடுகிற மாதிரியே புண்ணுக்கு மருந்து வைத்து, புதுத் துணி சுற்றினாள். விரல்கள் வெளியே தெரிந்தன. விரல் இல்லாத இடமும் தெரிந்தது. "சாக்ஸுங்க?" என்று கேட்டாள். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். பாக்கெட் கொடியில் தொங்கிய சட்டைப் பையிலேயே இருந்தது.

பெட்டியில் வைக்கும் முன் கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார்கள். தங்கை ஜெசிந்தாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, லைவ்தான். நிலவழகன் கேமராவை ஸ்டாண்டோடு கொண்டுவந்து நிறுத்தி, பெலிக்ஸின் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, அக்கா லைன்ல வந்துட்டாங்க. அங்க இருக்க நம்ம ஊர்க்காரங்க நெறைய பேரு பாக்குறாங்க. கால் பக்கம் போகாம மொகத்தை மட்டும் காட்டவா?"

யாரோ கால்மாட்டில் வைத்திருந்த ரோஜா மாலை இரண்டு பாதத்தையும் மூடியிருந்தது. பெலிக்ஸ் அதை எடுத்து அப்பாவின் நெஞ்சுக்கு ஏற்றி வைத்தான்.

"காலுலேர்ந்து ஆரம்பி" என்றான்.

ஸ்டாண்டு அவ்வளவு தாழ இறங்காது. நிலவழகன் கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டான்.