பக்கத்து இருக்கைக்கு ஒரு உரிமம்

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது எனக்கு எழுந்திருக்கவே சலிப்பாக இருந்தது. காலையிலிருந்து இந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இது மூன்றாவது ஜன்னல். முதல் ஜன்னலில், "புதுப்பிக்கிறது இங்க இல்ல" என்றார்கள். இரண்டாவதில், "கண் டாக்டர் சீட்டு இருந்தா மருத்துவப் பிரிவுக்குப் போங்க" என்றார்கள். மருத்துவப் பிரிவில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு ஜன்னலிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பஸ் லைசென்ஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவருடைய லைசென்ஸ் அட்டையில் மூன்று வகை அச்சாகியிருக்கும்: கார், லாரி போன்ற கனரக வண்டி, பயணிகள் பஸ். மகளின் கல்யாணப் படத்துக்கு முன்னால்தான் பர்ஸில் அதற்கு இடம்.

இப்போது இடது கண் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்ற மாதாமாதம் ஊசி. ஒரு ஊசி தவறினாலும் அந்தக் கண்ணும் போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊசி போட்ட கண்ணோடு இரண்டு பஸ் மாறி வர முடியாது. அதனால் இந்த வயதில் நான் கார் பழகினேன், அதுவும் அவரிடம். அவர் "கிளட்ச், கிளட்ச்" என்று போட்ட கத்தலில் தெரிந்த பிரேக்கும் மறந்துபோய், தேர்வில் தோற்றேன். அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பழகுநர் உரிமம்தான். முழு உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் நான் ஸ்டியரிங்கைத் தொடலாம். அந்த ஒருவர் இவர்தான். எனக்கு வேறு நாதி இல்லை.

சாப்பிட்டு வந்து மருத்துவப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்த பெண் என்னைவிடக் களைத்திருந்தாள். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, இந்தப் பார்வைக்கு பஸ் வகுப்பு தர முடியாது. கனரகமும் முடியாது."

"நாப்பது பேர வெச்சுக்கிட்டு மலை ஏறினவன் நான்."

"சரிங்க ஐயா. ரெண்டு வழி இருக்கு. அந்த ரெண்டையும் நீங்களே ஒப்படைச்சிட்டா, கார் மட்டும் இன்னிக்கே போட்டுத் தந்துடுவேன். பகல்ல மட்டும்தான் செல்லும். இல்ல, அப்பீல் பண்றேன்னா பண்ணுங்க. முடிவு வர்ற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வெப்போம்."

"அப்பீல்தான்," என்றார். ஒரு வாரமாகத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

"எல்லாத்தையும்னா, காரையுமா?" என்று நான் கேட்டேன். "நான் பழகுநர்ம்மா. இவரப் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் இங்க ஓட்டிட்டு வந்தேன்."

"காரும்தாம்மா. அப்ப நீங்க திருப்பி ஓட்டிட்டுப் போக முடியாது. வண்டிய இங்கயே விட்டுட்டு பஸ்ல போங்க."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடுத்த ஊசிக்கு எப்படிப் போவது என்று மட்டும் யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டி அலுத்தவள் நான். கெஞ்சத் தெம்பில்லை. "உங்க இஷ்டம்," என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

அவர் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர் இரண்டு தடவை இருமினார். கடைசியில் மாப்பிள்ளை முன்னால்கூட வராத ஒரு பணிவான குரலில் கேட்டார்.

"இவ பக்கத்துல உக்கார்றதுக்கு எது இருந்தாப் போதும்?"

"கார் இருந்தாப் போதுங்க ஐயா. ஆனா பொழுது சாஞ்சப்புறம் பக்கத்துல உக்காந்தாலும் கணக்குல வராது."

"அது ஒண்ண விட்டுட்டு மத்தத எடுத்துக்கங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் அட்டையை வாங்கிக்கொண்டு கணினியில் தட்டினாள்.

"ஒப்படைக்கிற காரணம் கேக்குது. பார்வைக் குறைவுன்னு போட்டுடவா?"

"வேணாம். வீட்டுல வேற டிரைவர் இருக்காங்கன்னு போடுங்க."

"அப்படி ஒரு காரணம் இதுல இல்லைங்களே."

"இதரன்னு ஒண்ணு இருக்கும், பாருங்க."

இருந்தது. அவள் அதையே போட்டாள். நான் கார் ஓட்டும்போது என்னை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார். டிரைவர் என்று சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் மரியாதையோடு. இந்த மனிதர்மேல் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த எரிச்சலை அந்த நேரத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

புது அட்டை அச்சாகி வர வெகுநேரம் பிடித்தது. வெளியே வந்தபோது எதிர்க் கட்டடத்தின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. இருவரும் மூச்சு வாங்க, முடிந்த மட்டும் வேகமாகக் காரை நோக்கி நடந்தோம். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். இருட்டிவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே உரிமம் கிடையாது.