பைண்டிங்குக்குப் போன புத்தகம்

புதன்கிழமை மூன்றாவது பீரியடில் நூலகப் பெட்டிக்குள் சீட்டு விழும் சத்தம் கேட்கும். ஜ்வாலாமாலினி டீச்சர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது. நான்கு வருடமாக இதே கதைதான். எலியாக இருக்கும் என்று பியூன் தர்மன் பெட்டியை உதறி வேறு சுவரில் மாட்டிக்கூடப் பார்த்தான். எலிக்குப் புதன்கிழமை எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் டீச்சருக்கு என்னவோ பிடித்துக்கொண்டது என்பார்கள். பிடித்துக்கொண்டதுதான், அது வேறு விஷயம்.

அலமாரியில் இல்லாத புத்தகம் வேண்டுமென்றால் பிள்ளைகள் சீட்டில் எழுதி அந்தப் பெட்டியில் போட வேண்டும். டீச்சர் அடியில் பதில் எழுதித் திருப்பித் தருவாள். நான்கு வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்பு துர்கா, புதன்கிழமைக்கு ஒன்றாக, ஒரே புத்தகத்துக்கு ஆறு சீட்டு போட்டாள். வலிப்பைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய மெல்லிய புத்தகம். துர்காவுக்கு வலிப்பு வரும். அதற்கு முன் ஒரு நாள் முதல் பத்துப் பக்கத்தை நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தாள். மணி அடித்ததும் மனசில்லாமல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் உமாபதி போன் செய்தார். "பேய் புடிக்கிறதெல்லாம் பொய்யி, மூளையில கோளாறுன்னு ஒரு புக்குல போட்டிருக்குதாமே. எங்க நம்பிக்கையக் கேலி பண்ற புக்கு ஸ்கூல்ல எதுக்குமா? எடுத்து உள்ள வெச்சுடுங்க."

அவ்வளவுதான். கடிதம் இல்லை, உத்தரவு இல்லை. வேலை நிரந்தரமாகாத நேரம், பயந்துவிட்டாள். புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். துர்காவின் சீட்டில் 'பைண்டிங்குக்குப் போயிருக்கிறது' என்று எழுதினாள். ஆறு சீட்டிலும் அதையே எழுதினாள்.

ஏழாவது புதன்கிழமை சீட்டு வரவில்லை. முந்தின நாள் மோட்டார் தொட்டியில் முகம் கழுவக் குனிந்த துர்கா, வலிப்பு வந்து தண்ணீருக்குள் கவிழ்ந்துவிட்டாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பார்க்கத்தான் ஆள் இல்லை.

சோறு போடுவதைப் போலவே மருந்து கொடுப்பதும் நூல் கொடுப்பதும் தானம் என்று சொல்லி வளர்த்த சமண வீட்டில் பிறந்தவள் ஜ்வாலாமாலினி. மருந்தும் நூலுமாக ஒரே பொருள் கையில் இருந்தும் அதைப் பூட்டி வைத்தாள். இதைக் கணவன் மகாவீரிடம்கூட அவள் சொன்னதில்லை.

இப்போது சட்டம் வரப்போகிறதாம். பள்ளி நூலகத்தில் உள்ள ஒரு புத்தகத்தின் மேல் பெற்றோர் ஒருவர் புகார் எழுதினால் போதும், அன்றே எடுத்துவிட வேண்டும். எடுக்காத டீச்சருக்கு வேலை போய்விடும். வரைவைப் படித்து ஆசிரியர் சங்கம் கொதித்தது. வராத சட்டத்துக்கு நான்கு வருடம் முன்பே கீழ்ப்படிந்தவள் ஜ்வாலாமாலினி.

"லைப்ரரி டீச்சர் நீங்களே பேசலன்னா வேற யாரு பேசறது மேடம்? மூணு நிமிஷம்தான்" என்று சங்கத்துச் சாமுவேல் எதிர்ப்பவர்கள் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார். அவளும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அறிவு, உரிமை, எதிர்காலம் என்று யார் மனமும் நோகாத வார்த்தைகள். துர்கா அதில் இல்லை. கிளம்பும்போது பீரோவைத் திறந்து புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். புதன்கிழமை. உமாபதி ஒரு பஸ் நிறைய ஆட்களைச் சட்டத்துக்கு ஆதரவாக ஏற்றி வந்திருந்தார். அதில் கூரம் கிராமத்துப் பொன்னியம்மாளும் ஒருத்தி. துர்காவின் அம்மா. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? எங்க துர்கா எப்பவும் உங்களப் பத்திதான் பேசிக்கினு இருக்கும்."

"நீங்க எங்கமா இங்க?"

"புள்ளைங்களக் கெடுக்கிற புக்கெல்லாம் எடுக்கப் போறாங்களாம். கை தூக்கணும்னு உமாபதி அண்ணன் கூட்டிக்கினு வந்தாரு." பொன்னியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "பைண்டிங்கு போன அந்த வலிப்பு புக்கு வந்துடுச்சா டீச்சர்? பூசாரி பேய் ஓட்டறேன்னு கயிறு போட்டுக் கட்டறப்போகூட, 'புக்கு வரட்டும்மா, டாக்டர் சொன்னதப் பாத்துட்டு அப்புறம் கட்டுங்க'ன்னு அழுதுச்சு. இப்ப சின்னதுக்கும் போன மாசத்துல ரெண்டு தடவ வந்துடுச்சு. தீபிகாவுக்கு. ஸ்கூலுக்கு அனுப்பல, வீட்லதான் இருக்குது."

ஜ்வாலாமாலினிக்குச் சீட்டு விழும் சத்தம் கேட்டது. இத்தனை கூட்டத்துக்கு நடுவில், காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள். எழுதி வைத்த தாளைப் பிரிக்கவில்லை.

"இந்தச் சட்டம் வந்தா என்ன ஆகும்னு கேக்கறீங்க. ஏற்கெனவே ஆயிடுச்சு. வலிப்பு வர்ற ஒரு பொண்ணு எங்கிட்ட ஒரு புத்தகம் கேட்டா. பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு ஆறு தடவ எழுதினேன். அது எங்கயும் போகல. ஒருத்தர் போன் பண்ணாரு, நான் பீரோல பூட்டிட்டேன். அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டா."

"யம்மா, பாத்துப் பேசு" என்று உமாபதி எழுந்தார்.

பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. கட்டாயப்படுத்திக்கொண்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். பொன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"இப்ப எங்க இருக்குது அது?"

ஜ்வாலாமாலினி கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். நேரம் முடிந்தது என்று அதிகாரி மணியைத் தட்டினார்.

"படிங்க டீச்சர்" என்றாள் பொன்னியம்மாள்.

துர்கா விட்ட இடம் அவளுக்குத் தெரியும். பதினோராம் பக்கம், முதல் வரி. மைக்கை நெருங்கிப் படித்தாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வலிப்பு உள்ளவர்களைத் தண்ணீர் அருகிலோ அடுப்பின் அருகிலோ தனியாக விடக் கூடாது."

பொன்னியம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். எடுக்கும்வரை அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தீபிகா, எங்கம்மா இருக்க? தொட்டிகிட்ட போவாத. அடுப்புகிட்டயும் போவாத. பக்கத்து வூட்டுல போய்க் குந்து. வெச்சிடாத, இன்னும் படிக்கிறாங்க."

அதிகாரி மறுபடி மணியைத் தட்டினார். ஜ்வாலாமாலினி இரண்டாவது வரியைப் படித்தாள்.